5150க்குப் பிறகு துப்பாக்கி உரிமையைத் திரும்பப் பெறுவது எப்படி: கலிஃபோர்னியாவுக்கான முழுமையான வழிகாட்டி

கலிஃபோர்னியாவில் ஒருவரை 5150 என்ற சட்டப் பிரிவின்படி அவர் சம்மதம் இல்லாமல் மனநல வார்டில் வைத்திருந்து (இதைத்தான் ஹோல்ட் என்பார்கள்) பிறகு டிஸ்சார்ஜ் செய்யும்போது, மருந்துச் சீட்டு, அடுத்த அப்பாயின்ட்மென்ட் தேதி இவற்றோடு துப்பாக்கி பற்றிய ஒரு ஃபார்மையும் கொடுப்பார்கள். சரியாகத் தூங்காமல், எப்போது வீட்டுக்குப் போவோம் என்று காத்திருப்பவர் அதைப் படிக்கும் நிலையில் இருக்க மாட்டார். காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டுக் கிளம்பிவிடுவார். ஆனால் அந்த ஃபார்மில் பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது. இப்படி வைக்கப்பட்டவருக்குப் பொதுவாக ஐந்து வருடம் துப்பாக்கி வைத்திருக்கத் தடை வரும். அந்தத் தடை ஓடிக்கொண்டிருக்கும் காலத்தில், உரிமையைத் திரும்பக் கேட்டு நீதிமன்ற விசாரணை கோர ஒரே ஒரு முறைதான் வாய்ப்பு. அந்த வாய்ப்பை வார்டில் இருந்தபடியே செலவழித்துவிட முடியும். உடம்பும் மனமும் தேறி, கையில் ஆதாரங்கள் சேர்ந்த பிறகும் பயன்படுத்த முடியும். இரண்டுக்கும் பலன் ஒன்றாக இருக்காது.

ஆரம்பத்திலேயே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். அமெரிக்காவில் மாநிலத்துக்கு மாநிலம் இந்தச் சட்டம் மாறும். இங்கே எழுதியிருப்பது கலிஃபோர்னியாவுக்கு மட்டும் பொருந்தும். மேலே மத்திய அரசின் தனிச் சட்டம் ஒன்றும் இருக்கிறது, அதற்குப் பிறகு வருகிறேன். நம் ஆட்கள் பலர் எச்-1பி, எஃப்-1 போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்கள். அவர்களுக்கு மத்தியச் சட்டம் துப்பாக்கி வைத்திருப்பதையே பொதுவாகத் தடுக்கிறது. வேட்டை லைசென்ஸ் போன்ற சில விலக்குகள்தான் உண்டு. ஆகவே கீழே உள்ளது பெரும்பாலும் குடியுரிமை பெற்றவர்களுக்கும் க்ரீன் கார்டு உள்ளவர்களுக்கும்தான்.

படி 1: உங்கள் தாளில் எந்த எண் இருக்கிறது?

"என்னை ஹோல்டில் வைத்தார்கள்" என்று மட்டும் சொன்னால் எந்த வக்கீலாலும் பதில் சொல்ல முடியாது. 5150ஆ, 5250ஆ என்பதுதான் முதல் கேள்வி. இரண்டும் 1967ல் வந்த லான்டர்மன்-பெட்ரிஸ்-ஷார்ட் சட்டத்தின் பிரிவுகள். 5150 என்றால் அதிகபட்சம் 72 மணி நேரம். அதற்கு மேலும் வைத்திருக்க வேண்டும் என்று மருத்துவர்கள் முடிவு செய்தால் 5250ன் கீழ் சான்று எழுதி இன்னும் 14 நாள் வரை வைக்கலாம். வீட்டில் எல்லோரும் மொத்தத்தையும் "அந்த ஒரு வாரம்" என்றே நினைவு வைத்திருப்பார்கள். சட்டத்துக்கு அது இரண்டு தனித்தனி நிகழ்வுகள்.

மருத்துவமனையின் ரெக்கார்ட்ஸ் பிரிவில் எழுதிக் கேட்டு உங்கள் கோப்பை வாங்குங்கள். அதில் டிஎச்சிஎஸ் 1801 என்ற ஃபார்ம் இருக்கும். உங்களை அழைத்துவந்த போலீஸ்காரரோ மனநலப் பணியாளரோ நிரப்பியது. அதில் பார்க்க வேண்டிய கட்டங்கள் மூன்று: தனக்கே ஆபத்து, பிறருக்கு ஆபத்து, தன்னைப் பார்த்துக்கொள்ள முடியாத நிலை. எந்தக் கட்டத்தில் டிக் இருக்கிறது என்று பாருங்கள். அப்புறம், ஏன் அழைத்துவந்தோம் என்று சில வரிகள் அவசரமாக எழுதப்பட்டிருக்கும். யாரிடம் என்ன சொன்னீர்கள், வீட்டில் துப்பாக்கி இருந்ததா, போனில் என்ன மெசேஜ் போனது என்பதெல்லாம் அங்கேதான் வரும். அந்த வரிகளைத்தான் பின்னால் அரசு வக்கீல் நீதிமன்றத்தில் வாசிக்கப் போகிறார். வலித்தாலும் நீங்கள் முதலில் படித்துவிடுங்கள்.

5150ல் தடை வருவதற்கு எல்லாமே நடந்திருக்க வேண்டும்: பிடித்து அழைத்துவந்தது, பரிசோதித்தது, தனக்கோ பிறருக்கோ ஆபத்து என்ற காரணத்துக்காக அங்கீகரிக்கப்பட்ட மருத்துவமனையில் அட்மிட் செய்தது. எமர்ஜென்சியில் பார்த்துவிட்டு "பிரச்சினை இல்லை" என்று வீட்டுக்கு அனுப்பியிருந்தால் இந்தத் தடை வரக்கூடாது. தன்னைப் பார்த்துக்கொள்ள முடியாத நிலை என்ற காரணம் மட்டும் இருந்தாலும் 5150ன் கீழ் தடை இல்லை. 5250 அப்படியல்ல. அங்கே காரணம் எதுவாக இருந்தாலும், சான்று எழுதப்பட்டாலே ஐந்து வருடத் தடை. அந்தச் சான்று எழுதிய நான்கு நாளுக்குள் மருத்துவமனையிலேயே ஒரு மறுஆய்வு விசாரணை நடக்கும். அதன் முடிவு என்ன, நீங்களே வேண்டாம் என்று விட்டுவிட்டீர்களா என்பதும் கோப்பில் இருக்கும். குறித்துவையுங்கள்.

தானாக முன்வந்து அட்மிட் ஆனவர்கள் பயப்படத் தேவையில்லை. உள்ளே இருக்கும்போது ஆபத்தானவர் என்று மருத்துவர் கருதினால் அந்த நாட்களுக்குத் தடை உண்டு. டிஸ்சார்ஜ் ஆனதும் அது முடிந்துவிடும்.

படி 2: ஐந்து வருடமா, ஆயுள் முழுக்கவா?

ஒரே ஒரு 5150 என்றால் மாநிலத் தடை வெளியே வந்த நாளிலிருந்து ஐந்து வருடம். ஒரு வருடத்துக்குள் இரண்டாவது முறையும் அதே காரணத்துக்காக அட்மிட் ஆகியிருந்தால், 2020 ஜனவரி 1 முதல் நடைமுறையில் உள்ள திருத்தத்தின்படி ஆயுள் தடை. ஏபி 1968 என்ற மசோதா கொண்டுவந்த மாற்றம் அது. ஆயுள் தடைக்கும் விசாரணை கேட்கலாம். தோற்றால் மறுபடி கேட்க ஐந்து வருடம் காத்திருக்க வேண்டும்.

இனி மத்தியச் சட்டம். மனநல நிறுவனத்தில் முறையாகச் சேர்க்கப்பட்டவர் துப்பாக்கி வைத்திருக்கக் கூடாது என்று அது சொல்கிறது, கால வரம்பு எதுவும் இல்லாமல். வெறும் கண்காணிப்புக்காக வைத்திருப்பதும் தானாகச் சேர்வதும் இதில் வராது என்று மத்திய விதியிலேயே எழுதியிருக்கிறது. அதனால் 72 மணி நேரத்தோடு முடிந்த 5150 பொதுவாக மாநிலத் தடையோடு நின்றுவிடும். 5250 வரை போனவர்கள்தான் கவனிக்க வேண்டும். அது மத்தியச் சட்டத்தின்படி முறையான சேர்ப்பாகக் கருதப்படக்கூடும். அப்போது மாநிலத்தின் ஐந்து வருடம் முடிந்தாலும் துப்பாக்கி வாங்கும்போது நடக்கும் பின்னணிச் சோதனையில் மறுப்பு வரும்.

இது எவ்வளவு கடுமையானது என்பதற்கு வாஷிங்டன் மாநிலத்து வழக்கு ஒன்று உதாரணம். 1999ல் 17 வயதில் கட்டாயமாகச் சேர்க்கப்பட்ட ஒருவர், பிறகு முழுவதும் குணமாகி, படித்து, வேலைக்குப் போய், குடும்பமாக வாழ்ந்தவர். அவருக்கு மாநில நீதிமன்றம் உரிமையைத் திருப்பிக் கொடுத்தது. ஆனாலும் மத்தியத் தடை செல்லும் என்று மேற்கு மாநிலங்களுக்கான மத்திய நீதிமன்றமான ஒன்பதாவது சர்க்யூட் மேல்முறையீட்டு நீதிமன்றம் 2020ல் தீர்ப்பளித்தது. மாநிலத்தின் மீட்பு முறை மத்திய அரசின் நிபந்தனைகளுக்குப் பொருந்தாததுதான் சிக்கல். கலிஃபோர்னியாவும் அதே நீதிமன்றத்தின் எல்லைக்குள்தான் இருக்கிறது. தேறி வந்து இருபது வருடம் நன்றாக வாழ்ந்த மனிதருக்கு விண்ணப்பிக்கக்கூட இடம் இல்லை என்பது எனக்கு நியாயமாகப் படவில்லை. மத்திய அளவில் விலக்குக் கேட்க ஒரு சட்டப்பிரிவு இருந்தும், தனிநபர் விண்ணப்பங்களைப் பார்க்கப் பணம் ஒதுக்கக் கூடாது என்று 1992லிருந்து நாடாளுமன்றம் அதை மூடியே வைத்திருந்தது. 2025ல் மத்திய நீதித்துறை (டிபார்ட்மென்ட் ஆஃப் ஜஸ்டிஸ்) அந்த வழியைத் திறக்க விதிகளை முன்வைத்தது. 5250 உள்ளவர்கள் இன்றைய நிலவரம் தெரிந்த துப்பாக்கிச் சட்ட வக்கீலிடம் பேசாமல் ஒரு அடியும் எடுத்துவைக்க வேண்டாம்.

படி 3: வீட்டில் இருக்கும் துப்பாக்கிகள்

இதற்குத்தான் கெடு மிகக் குறுகியது. பலர் கோட்டை விடுவதும் இங்கேதான். உங்களை அழைத்துப் போன அன்று போலீஸ் வீட்டிலிருந்து துப்பாக்கிகளை எடுத்துச் சென்றிருந்தால், அது 8102 என்ற தனிப் பிரிவு. உங்கள் உரிமையைத் திரும்பக் கேட்கும் 8103 பிரிவின் விசாரணைக்கும் அதற்கும் முடிச்சுப் போட வேண்டாம். துப்பாக்கிகளைத் திருப்பித் தரக்கூடாது என்று போலீஸ் நினைத்தால், நீங்கள் வெளியே வந்த 30 நாளுக்குள் அவர்கள் நீதிமன்றத்தில் மனு போட வேண்டும். காரணம் காட்டினால் மொத்தம் 60 நாள் வரை நீட்டிப்பு உண்டு. அந்த மனு உங்களுக்குத் தபாலில் வரும். விசாரணை வேண்டும் என்று நீங்கள் 30 நாளுக்குள் பதில் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் துப்பாக்கிகள் பறிபோகும்படி உத்தரவு வந்துவிடும். டிஸ்சார்ஜ் ஆன பிறகு அண்ணன் வீட்டிலோ நண்பர் வீட்டிலோ தங்குகிறவர்கள், சொந்த விலாசத்துக்கு வரும் தபாலை யாராவது பார்த்துக்கொள்ளும்படி ஏற்பாடு செய்யுங்கள்.

போலீஸ் எடுக்காமல் துப்பாக்கி வீட்டிலேயே இருந்தால் அதை வைத்திருப்பதே குற்றம். தோட்டாக்களுக்கும் இது பொருந்தும். லைசென்ஸ் உள்ள டீலரிடம் விற்கலாம். தடைக்காலம் முடியும் வரை டீலரிடமே பாதுகாப்பில் விடவும் சட்டம் இடம் தருகிறது. தாத்தா காலத்துத் துப்பாக்கி, விற்க மனமில்லை என்பவர்களுக்கு அதுதான் வழி. மனைவி அல்லது கணவர் பெயரில் துப்பாக்கி இருந்தால், தடையுள்ளவர் கைக்கு எட்டாதபடி பூட்டிவைக்க வேண்டும் என்பது அவர்மேல் உள்ள தனிக் கடமை. பூட்டின் எண் உங்களுக்குத் தெரிந்திருந்தால் அது பூட்டியதாக ஆகாது. என்னைக் கேட்டால், இந்தக் காலத்தில் வீட்டில் துப்பாக்கியே இல்லாமல் இருப்பதுதான் நல்லது. தற்கொலை எண்ணம் பெரும்பாலும் அலைபோல் வந்து போகும். அது வரும் அந்தச் சில நிமிடங்களில் கையருகே துப்பாக்கி இருந்தால் திரும்பி வர வழி இருக்காது. இன்னும் அப்படி எண்ணம் வருகிறதென்றால் இந்த வழிகாட்டியை மூடிவைத்துவிட்டு 988 என்ற தற்கொலைத் தடுப்பு உதவி எண்ணுக்கு போன் செய்யுங்கள். எந்த நேரமும் ஆள் எடுப்பார்கள்.

படி 4: எப்போது கேட்பது?

விசாரணை கோரும் ஃபார்மின் பெயர் பிஓஎஃப் 4009சி. மருத்துவமனை அதை உங்களிடம் தர வேண்டும் என்பது சட்டம். அங்கேயே நிரப்பிக் கையெழுத்திட்டுக் கொடுத்தால் அவர்களே நீதிமன்றத்துக்கு அனுப்பிவிடுவார்கள். "நானே பிறகு அனுப்பிக்கொள்கிறேன்" என்று சொல்லவும் உங்களுக்கு உரிமை உண்டு. அப்படியே சொல்லுங்கள் என்பதுதான் என் உறுதியான கருத்து.

காரணம் இதுதான். ஃபார்ம் போய்ச் சேர்ந்தால் 60 நாளுக்குள் விசாரணை தேதி வைக்க வேண்டும். நிலை குலைந்து இரண்டு மாதமே ஆனவர் நீதிபதி முன் போய் "நான் சரியாகிவிட்டேன்" என்றால், அதற்கு ஆதாரமாக எதைக் காட்டுவார்? மருந்து தொடங்கி சில வாரம்தான் ஆகியிருக்கும். மருத்துவருக்கே இன்னும் உறுதியாக எழுதிக் கொடுக்கத் தயக்கம் இருக்கும். அதே ஆள் ஒரு வருடமோ ஒன்றரை வருடமோ கழித்து, தவறாத சிகிச்சை, தொடர்ந்த வேலை, திரும்பவும் ஒரு சம்பவமும் இல்லாத பதிவு என்று வந்தால் நீதிபதி பார்க்கிற பார்வையே வேறு.

துப்பாக்கி ஏந்திய பாதுகாப்புக் காவலர், போலீஸ் வேலை என்று பிழைப்பே இதில் இருந்தால் சீக்கிரம் கேட்பதில் நியாயம் உண்டு. அப்போதும் மருத்துவரின் கடிதம் கையில் கிடைத்த பிறகே. தொழிலுக்கு வேண்டாம், அவசரமும் இல்லை என்றால் விசாரணையே கேட்காமல் ஐந்து வருடத்தைக் கழித்துவிடலாம். வெறும் 5150 தடைக்கு அந்தத் தேதி வந்ததும் மாநிலத் தடை தானாக விலகும்.

படி 5: ஆதாரங்கள்

5150 தடைக்கான விசாரணையில் நிரூபிக்கும் பொறுப்பு அரசுத் தரப்பில் இருக்கிறது. நீங்கள் துப்பாக்கியைப் பாதுகாப்பாகவும் சட்டப்படியும் பயன்படுத்த வாய்ப்பில்லை என்பதை அவர்கள்தான் காட்ட வேண்டும். ஆனால் அளவுகோல் லேசானது. எந்தப் பக்கம் கொஞ்சம் கூடுதல் நம்பத்தக்கது என்று பார்த்தால் போதும். கிரிமினல் வழக்கில் போலச் சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபிக்க வேண்டியதில்லை. போலீஸ் அறிக்கைகளும் எழுத்து வாக்குமூலங்களும் நேராக ஏற்றுக்கொள்ளப்படும். ஆகவே "பொறுப்பு அவர்களுடையது, நான் சும்மா உட்கார்ந்திருந்தால் போதும்" என்று நினைத்துப் போகாதீர்கள்.

எல்லாவற்றையும்விட எடை உள்ளது உங்களைத் தொடர்ந்து பார்த்துவரும் மனநல மருத்துவரின் கடிதம். ஒருமுறை மட்டும் பார்த்தவர் எழுதித் தருவதில் பலம் குறைவு. "இவர் நல்லவர், நலமாக இருக்கிறார்" என்ற இரண்டு வரியால் பயனில்லை. எவ்வளவு காலமாகப் பார்க்கிறார், அன்றைய நெருக்கடிக்கு என்ன காரணம் என்று கருதுகிறார், இப்போதைய நோய் நிலை, மருந்து, அதை ஒழுங்காகச் சாப்பிடுகிறாரா, தற்கொலை எண்ணமோ பிறரைத் தாக்கும் எண்ணமோ கடைசியாக எப்போது இருந்தது, துப்பாக்கி கையில் இருந்தால் ஆபத்து உண்டா, இவை எல்லாவற்றுக்கும் பதில் இருக்க வேண்டும். அந்த 1801 ஃபார்மை மருத்துவரிடம் காட்டி, படித்துவிட்டு எழுதச் சொல்லுங்கள். அன்றைய சம்பவம் தெரியாமல் எழுதிய கடிதத்தை அரசு வக்கீல் ஒரே கேள்வியில் உடைத்துவிடுவார்.

அடுத்தது உங்களோடு வாழ்கிறவர்களின் வாக்குமூலம். 911க்கு போன் செய்ததே மனைவிதான் என்றால் அவருடைய சொல்லுக்குத்தான் அதிக மதிப்பு. அவர் மனமுவந்து எழுத வேண்டும். அவருக்கு இன்னும் பயம் இருந்தால், அந்தப் பயத்தை மதித்து விசாரணையைத் தள்ளிப்போடுங்கள். வீட்டுக்குள் ஒருவர் அஞ்சும்போது துப்பாக்கி வீட்டுக்குள் வரக்கூடாது. குடி ஒரு காரணமாக இருந்திருந்தால், அதை விட்டதற்கான பதிவுகள். துப்பாக்கிக்கு வாங்கிவைத்திருக்கும் இரும்புப் பெட்டியின் ரசீது, பாதுகாப்புப் பயிற்சி முடித்த சான்று. வேலை செய்யும் இடத்திலிருந்து கடிதம் வேண்டுமா என்பது உங்கள் விருப்பம். 5150 குற்றவழக்கு அல்ல, மருத்துவமனை அனுப்பிய அறிக்கையும் ரகசியமானது. ஆபீஸுக்கு நீங்களாகச் சொல்லாமல் இருக்கலாம்.

படி 6: விசாரணை நாள்

ஃபார்ம் போவது உங்கள் கவுன்ட்டியின் சுப்பீரியர் கோர்ட்டுக்கு. எதிர்த்தரப்பில் மாநில மக்கள் சார்பில் டிஸ்ட்ரிக்ட் அட்டர்னி, அதாவது கவுன்ட்டியின் அரசு வக்கீல். நீங்கள் கோரிய ஏழு நாளுக்குள் மாநில நீதித்துறை (கலிஃபோர்னியா டிபார்ட்மென்ட் ஆஃப் ஜஸ்டிஸ்) தன்னிடம் உள்ள அறிக்கைகளை நீதிமன்றத்தில் தாக்கல் செய்ய வேண்டும். கேட்டால் உங்களுக்கும் தர வேண்டும், கேளுங்கள். அரசு வக்கீல் அவகாசம் கேட்டால் 30 நாள் தள்ளிப்போவது சகஜம். அவர் வழக்கை நடத்த முன்வராவிட்டால் நீதிமன்றம் தடையை நீக்கியாக வேண்டும்.

ஊரறிய இதெல்லாம் பேசப்படுமோ என்பது நம் குடும்பங்களில் முதல் பயம். அதற்குச் சட்டத்திலேயே வழி இருக்கிறது. உங்களுக்குத் தீங்கு தரக்கூடிய அந்தரங்கத் தகவல்கள் பேசப்படும் என்று காட்டி மனு கொடுத்தால், சம்பந்தப்பட்டவர்கள் மட்டும் இருக்க மூடிய அறையில் விசாரணை நடத்த வேண்டும். பொது நலன் கருதி நீதிபதி மறுத்தால்தான் அது கிடைக்காது. விசாரணை தொடங்கும் முன்பே இந்த மனுவைக் கொடுத்துவிடுங்கள்.

அரசு வக்கீலின் கேள்விகளை ஊகிப்பது கஷ்டமில்லை. அன்று இரவு என்ன சொன்னீர்கள்? ஏன் சொன்னீர்கள்? மருந்தை நிறுத்தினீர்களா? யார் சொல்லி? மறுபடி அப்படித் தோன்றினால் என்ன செய்வீர்கள்? துப்பாக்கி எதற்கு? பலர் இங்கே ஒரே தவறைச் செய்கிறார்கள். "போலீஸ் மிகைப்படுத்தியது, என்னை அழைத்துப் போனதே தப்பு" என்று வாதாடத் தொடங்கிவிடுகிறார்கள். நீதிபதி முன் இருக்கும் கேள்வி அது இல்லை. அன்று நடந்தது சரியா என்று இந்த விசாரணை பார்க்காது; இனிமேல் நீங்கள் பாதுகாப்பாக நடந்துகொள்வீர்களா என்றுதான் பார்க்கும். அன்று நடந்ததை உள்ளபடி ஒப்புக்கொண்டு, அதிலிருந்து எப்படி வெளியே வந்தீர்கள் என்று சொல்பவர்மேல்தான் நம்பிக்கை பிறக்கும். "மறுபடி வந்தால்" என்ற கேள்விக்கு "வரவே வராது" என்பது மோசமான பதில். "என் மருத்துவர் நம்பர் இது, மனைவிக்குத் தெரியும், துப்பாக்கியை டீலரிடம் கொடுத்துவிடுவேன்" என்பது நல்ல பதில்.

வக்கீல் வேண்டுமா? சட்டப்படி கட்டாயமில்லை. ஆனால் ஒரே வாய்ப்பு என்பதால் வைத்துக்கொள்வதே நல்லது. அந்தக் கவுன்ட்டியில் 8103 விசாரணைகளை நடத்தியவரா என்று கேட்டுவிட்டு அமர்த்துங்கள்.

படி 7: உத்தரவுக்குப் பிறகு

வென்றால் நீதிமன்றம் உத்தரவின் நகலை மாநில நீதித்துறைக்கு அனுப்பும். அவர்கள் 15 நாளுக்குள் மனநலத் தடைப் பட்டியலில் உங்கள் பதிவை நீக்க வேண்டும். சான்றளிக்கப்பட்ட நகல் ஒன்றை நீங்களும் வாங்கிவையுங்கள். போலீஸிடம் துப்பாக்கி இருந்தால் அதைத் திரும்ப வாங்க நீதித்துறையிடம் தனியாக விண்ணப்பித்து, அனுமதிக் கடிதத்தோடு போக வேண்டும்.

தோற்றால் மிச்சமிருக்கும் காலத்தைக் கழிக்க வேண்டியதுதான். ஐந்து வருடம் என்பது விசாரணை தேதியிலிருந்து புதிதாகத் தொடங்காது. மருத்துவமனையை விட்டு வந்த நாளிலிருந்துதான் கணக்கு.

வென்றாலும், காலம் கழிந்தாலும், நேராகக் கடைக்குப் போகாதீர்கள். தடை உள்ளவர் வாங்க முயற்சி செய்வதே குற்றம். கடையில் நிரப்பும் மத்திய அரசின் 4473 ஃபார்மில், மனநல நிறுவனத்தில் எப்போதாவது சேர்க்கப்பட்டீர்களா என்ற கேள்வி இருக்கிறது. அதற்குத் தவறான பதில் எழுதினால் அது தனி மத்தியக் குற்றம். முதலில் கலிஃபோர்னியா நீதித்துறைக்கு பிஎஃப்இசி என்ற தனிநபர் தகுதிச் சோதனைக்கு விண்ணப்பியுங்கள். கட்டணம் 20 டாலர். உங்கள் பெயரில் தடை ஏதும் பாக்கி இருக்கிறதா என்று எழுத்தில் பதில் வரும். தகுதி உண்டு என்று வந்தால் கடைக்குப் போகலாம். இல்லை என்று வந்தால் அந்தக் கடிதத்தோடு போக வேண்டிய இடம் வக்கீல் அலுவலகம்.